ஜெபக்குமாரின் பத்து நிமிடம்

என் அக்கா ஜாஸ்பினின் கணவர் ஜெபக்குமாருக்கு இடது கை மோதிர விரலைச் சுற்றி வெளுத்த தழும்பு ஒன்று உண்டு. கல்யாணமாகிப் பதினாறாம் நாள் வந்தது. அப்போது அவர் திருச்சியில் ஒரு கார் பட்டறையில் எலக்ட்ரீசியன். பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பேனர் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த மோதிரம் ஒரு பக்கம் ஸ்பேனரையும் மறுபக்கம் வண்டியின் இரும்பையும் தொட்டுவிட்டது. வெறும் பன்னிரண்டு வோல்ட். கையால் பிடித்தாலும் கூசாத மின்சாரம். ஆனால் ஆவூர் மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்தக் கல்யாண மோதிரம் கண் மூடித் திறப்பதற்குள் பழுக்கக் காய்ந்துபோயிற்று. வெட்டித்தான் எடுத்தார்கள்.

எங்கள் அம்மா அதை அபசகுனம் என்று சொல்லிச் சொல்லியே அக்காவை ஒரு வருஷம் அழ வைத்தாள். அத்தான் அழவுமில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவுமில்லை. அன்றிலிருந்து வேலையில் இறங்கும் முன் வாட்ச், மாதா படம் கோத்த சங்கிலி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைக்கப் பழகிக்கொண்டார். "என்ன மாப்ள, குளிக்கப் போறியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். சிரித்துவிட்டு அதையேதான் செய்வார். பதினான்கு வருஷமாக அவருக்கு இருக்கும் பட்டப்பெயர் 'பயந்தாங்கொள்ளி'. பட்டறைகளில் அந்தப் பெயரோடு காலம் தள்ளுவது லேசான காரியமில்லை.

ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இந்த வருஷம் மார்ச் மாதம் நான் திரும்பி வந்து அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டேன். ஓரிடத்தில் உட்கார முடியாத கால். அதனால் அக்கா வேலை செய்யும் முந்திரிக் கொட்டகைக்கும் அத்தானின் பட்டறைக்கும் மாறி மாறிப் போய் நின்றேன். நான் எழுதுவதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி அவர்கள் வாயால் கேட்டது.

வீடு ஆதனக்கோட்டையில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கைநீட்டி வாங்கும் முந்திரிப் பருப்புக்குப் பெயர்போன ஊர். பருப்பு வெள்ளையாக இருக்கும். உடைக்கிற கை அப்படி இருக்காது. முந்திரிக்கொட்டைத் தோட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலைத் தின்றுவிடும். அக்காவின் கொட்டகையில் நாற்பது பெண்கள், சாம்பலைப் பூசிக்கொண்டு, இடது கையால் கொட்டையைப் பிடித்து வலது கையிலிருக்கும் கட்டையால் தட்டுகிறார்கள். பிடிக்கிற கைக்குத்தான் சேதாரம். அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் கறுத்து உரிந்து, ரேகையே இல்லாமல் இருக்கும். ரேஷன் கடை மெஷினில் வைத்தால் 'ஆள் இல்லை' என்கிற மாதிரி சிவப்பு விளக்கு எரியும்.

அத்தானுக்கு வேலை புதுக்கோட்டையில், அதே ரோட்டில், ரகுநாத் என்பவரின் கார் பட்டறையில். இரண்டு வருஷத்துக்கு முன் எலக்ட்ரிக் கார்கள் ஒன்றிரண்டு மாவட்டத்துக்குள் வரத் தொடங்கியதும் ரகுநாத் அவரைச் சென்னைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். வேறு யாரும் போக ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம். திரும்பி வரும்போது அத்தான் ஒரு சான்றிதழும், ஒரு ஜோடி தடித்த ரப்பர் கை உறையும், வேறு ஒரு நடையும் கொண்டுவந்தார் என்று அக்கா சொல்வாள். அத்தனை வருஷமாக எதைச் செய்ததற்காக அவரைக் கிண்டலடித்தார்களோ, அதையேதான் சென்னையில் பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தை அவர் எனக்கு ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சாதாரணக் காரில் இருப்பது பன்னிரண்டு வோல்ட். இந்தக் கார்களின் அடிவயிற்றில் இருக்கும் பேட்டரி முந்நூற்றைம்பது. அந்த மின்சாரம் ஓடுகிற கம்பிக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருப்பார்கள், பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. முதலில் சாவியை எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். இதிலும் இருக்கிற பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். உறை மாட்டிய கையால், பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற ஒரு பிளக்கை உருவ வேண்டும். உருவியவன் அதைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் திரும்பச் செருகிவிடாதபடி. அதன்பிறகு பத்து நிமிடம் எதையும் தொடாமல் நிற்க வேண்டும்.

"எதுக்கு அத்தான் பத்து நிமிஷம்?"

"பிளக்க உருவுனாலும் பெட்டிக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும் சோபி. அது வடியணும். வடிஞ்சிருச்சான்னு மீட்டர் வச்சுப் பாக்கணும். மீட்டரே பொய் சொன்னா? அதனால அத மொதல்ல நல்ல பேட்டரில வச்சுப் பாத்துட்டு, அப்புறம் வண்டில வச்சு, மறுபடி நல்ல பேட்டரில வைக்கணும்."

"இவ்வளவும் செஞ்சாத்தானா?"

"செய்யாட்டியும் பத்துல ஒம்போது தடவ ஒண்ணும் ஆகாது. அதுதான் அதோட கெட்ட குணம்."

பட்டறையில் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். காரின் பக்கத்தில் கைகட்டி அவர் நின்றுகொண்டிருந்தால், "ஜெபக்குமார் ஜெபத்துல இருக்கான், சத்தம் போடாதீங்க" என்பார் பிச்சை. பிச்சைக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பது வருஷமாகக் கார் வயரிங் பார்க்கிறவர். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று இரும்பில் உரசிப் பொறி வருகிறதா எனப் பார்த்தே கண்டுபிடிப்பார். ஒருமுறை அந்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு சூடான சைலன்சரைத் தூக்கிவிட்டார். முதல் ஜோடி அப்படித்தான் போயிற்று. இரண்டாவது ஜோடி வந்ததிலிருந்து அத்தான் அதைப் பட்டறையில் வைப்பதில்லை. உள்ளே பவுடர் தூவி, துணிப்பையில் போட்டு, வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். எலக்ட்ரிக் வண்டி வருகிற நாளில் மட்டும் பை கூடவே போகும்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அப்படி ஒரு வண்டி வந்தது. ஆலங்குடியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் தாஜுதீன் என்பவருடையது. மண்டி எலிகள் ஏ.சி.க்குப் போகிற ஆரஞ்சுக் கம்பியைக் கடித்து வைத்திருந்தன. நகர மறுத்த வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். கம்பியை மாற்ற வேண்டும். மறுநாள் விடியற்காலையில் அவருடைய மகளும் பேரனும் துபாயிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள்.

அக்காவின் ஸ்கூட்டர் ஹாரனைச் சரிசெய்ய நானும் அன்று போயிருந்தேன். பட்டறை வாசல் பெஞ்சில் தாஜுதீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் சங்கிலியையும் வாட்ச்சையும் கழற்றி வைத்தார். உறையைப் பையிலிருந்து எடுத்து, மணிக்கட்டுப் பக்கம் வாயைச் சுருட்டிப் பிடித்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை விரல்களுக்குத் தள்ளினார். ஒவ்வொரு முறையும் செய்வதுதான். ஓட்டையிருந்தால் காற்று கசியும். வலது கை உறை பலூன் மாதிரி விறைத்து நின்றது. இடது கை உறையைக் கன்னத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு முறை சுருட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து காற்று சீறுவது பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது.

"ரகு அண்ணே, உறை போயிருச்சு."

ரகுநாத் அலுவலக அறையிலிருந்து வந்தார். "வாங்கி ஆறு மாசம் ஆகலியேப்பா. எலி கடிச்சுதா?"

"எலி கடிச்சா தெரியும்ணே. இது ரப்பர் இளகி ஒட்டுது."

"பிச்சை, நீ எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்குறேன்? அந்தக் கருமத்த மாட்டுனா ஸ்குரூ எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்குது" என்றார் பிச்சை, ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து.

அத்தான் உறையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு போனை எடுத்தார். அவருடைய போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் கெட்டுப் பல மாதமாகிறது. எல்லாமே சத்தமாகத்தான் வரும்.

"ஜாஸ்பின், என் உறைய எடுத்தியா?"

மறுமுனையில் கொட்டை உடைக்கிற சத்தம். டக், டக், டக். பிறகு அக்காவின் குரல். "ஏன், என்னாச்சுங்க?"

"எடுத்தியா, இல்லியா?"

"நாலு நாளுதாங்க. இடது கைய மட்டுந்தான். சோப்புப் போட்டுக் கழுவி, நீங்க செய்ற மாதிரியே பவுடர் தூவித்தானே மாட்டி வச்சேன்?"

பட்டறையே சிரித்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து பிச்சை உருண்டு வெளியே வந்தார். "மாப்ள! ஆயிரம் வோல்ட்டுக்குன்னு சீல் அடிச்ச உறையில முந்திரிக்கொட்ட! இனிமே ஆதனக்கோட்டப் பருப்பத் தின்னா ஷாக் அடிக்காது!"

ரகுநாத்தும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார், "சரி, ஒரு பாலிதீன் கவர மேல சுத்திக்கிட்டு வேலையப் பாரு."

"முடியாதுண்ணே. நாளைக்குக் காலைல திருச்சி போயி வேற வாங்கிட்டு வந்துர்றேன். ஒரு நாள் குடுங்க."

தாஜுதீன் எழுந்தார். "ஒரு நாள்தானே தம்பி. நான் டாக்ஸி புடிச்சுப் போயி புள்ளைய அழைச்சுட்டு வந்துர்றேன். இதுக்குப் போயி..."

"பாய், நீங்க உக்காருங்க. ஒங்க வண்டி சாயங்காலம் ஆலங்குடில நிக்கும். நிக்கலன்னா எதுக்கு நான் இம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்கேன்?"

வண்டிக்காரருக்கே இல்லாத அவசரம். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தச் சொல்லி யாருமே கேட்கவில்லை. வாசலில் 'அன்றே ரிப்பேர், அன்றே டெலிவரி' என்று மாட்டியிருந்த போர்டு கேட்டது.

ரகுநாத் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "பயமா இருக்கா?"

"ஆமாண்ணே."

ஒரு ஆண்பிள்ளை இத்தனை பேர் முன்னால் ஆமாம் என்று சொல்வான் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

"பிச்சை, நீ வா இங்கிட்டு" என்றார் ரகுநாத்.

பிச்சை லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அத்தான் குறுக்கே போய் நின்றார். "பிச்சைண்ணே, சொன்னாக் கேளுங்க. இது உங்க பன்னெண்டு வோல்ட் இல்ல. டி.சி. புடிச்சா விடாது. பத்து நிமிஷமாச்சும் நில்லுங்க, மீட்டர் நான் வச்சுப் பாக்குறேன்."

"டேய், நீ ஐ.டி.ஐ.யில சேர்றதுக்கு முன்னாடி நான் கரண்டத் தொட்டவன். தள்ளு அங்கிட்டு."

வெறுங்கையால் பிளக்கை உருவி, காரின் கூரைமேல் வைத்தார் பிச்சை. பத்து நிமிடமல்ல, பத்து நொடிகூட நிற்கவில்லை. தலையை உள்ளே விட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அத்தான் அந்த இடத்தைவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மூலையில் அவர் செய்து வைத்திருந்த ஒன்று இருந்தது: பி.வி.சி. பைப்பின் முனையில் நைலான் கயிற்றை வளையமாகக் கட்டியது. ஒருவன் மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் கையால் தொட்டு இழுக்கக் கூடாது, இழுக்கிறவனும் சேர்ந்து போவான். வளையத்தை மாட்டித்தான் இழுக்க வேண்டும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிச்சையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்னடா, மாடு ஓட்ட வந்தியா?" என்றார் பிச்சை, திரும்பாமலே.

அத்தானின் பார்வை பிச்சையின் தோளைவிட்டு விலகவில்லை. மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று பிச்சையின் உடம்பு உதறியது. "ஆ... ஆ..." என்று அலறினார். அத்தான் பாய்ந்து வளையத்தைத் தோளில் மாட்டி, காலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்தார். பிச்சை மல்லாக்கச் சிமெண்டுத் தரையில் விழுந்தார்.

விழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முழங்கையில் ரத்தம் வழிய வழியச் சிரித்தார். "பாத்தீங்களா? பாத்தீங்களா இவன் மூஞ்சிய?"

பட்டறையில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். ரகுநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாஜுதீன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "இதெல்லாம் வெளையாட்டா?" என்று முணுமுணுத்தார். அத்தான் பைப்பைக் கீழே வைக்கவில்லை. பிச்சை மறுபடி வண்டிக்குள் தலையை விட்டதும், இவரும் மறுபடி அதே இடத்தில் போய் நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. பிச்சைக்கு முழங்கைச் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு கேலி, அவ்வளவுதான். சாயங்காலம் ரகுநாத் ஜாப் கார்டை நீட்டினார். இந்த வண்டிகளுக்குத் தனியாக ஒரு கார்டு உண்டு. பிளக்கை உருவியது யார், எத்தனை நிமிடம் காத்திருந்தார், மீட்டர் என்ன காட்டியது. கீழே, பயிற்சி பெற்றவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் வண்டியை வெளியே விட்டால், நாளைக்கு ஏதாவது என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் பட்டறையைத்தான் பிடிப்பார்கள்.

"நான் செய்யலியேண்ணே" என்றார் அத்தான்.

"ஒம் பொண்டாட்டி செஞ்ச வேலைக்கு ஒன்னைய நான் ஏதாச்சும் கேட்டனா? போடு."

காத்திருந்த நேரம்: பத்து நிமிடம். மீட்டர்: பூஜ்யம். அத்தான் எழுதினார். கீழே 'ம. ஜெபக்குமார்' என்று கையெழுத்திட்டார். பெஞ்சிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுகிறேன் என்று ஊர் முன்னால் சொல்லத் தைரியம் இருந்த மனிதர், அந்தக் காகிதத்துக்கு முன்னால் ஒடிந்துபோனார்.

அன்று வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. அத்தான் அக்காவின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மங்கி, விரல்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. இரண்டு நாள் முன்புதான், "கை நல்லாத் தேறிருச்சே, எந்த மருந்து போட்ட?" என்று அவரே கேட்டிருந்தார்.

"என்கிட்ட கேட்ருக்கலாம்ல ஜாஸ்பின்."

"கேட்டா குடுத்துருப்பீங்களா?"

"குடுத்துருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன கேக்குறது? மாசத்துக்கு ரெண்டு தடவ மாட்டுறீங்க. ஒங்க கைக்கு ஒரு ஜோடி போனா இன்னொரு ஜோடி வருது. எங்க கொட்டகையில நாப்பது பொம்பளைங்க, தெனமும் எட்டு மணி நேரம். எங்களுக்குச் சாம்பல்."

அத்தான் கத்தரிக்கோலை எடுத்து இடது கை உறையின் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டார். ஓட்டையான உறையை யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது, வெட்டிவிட வேண்டும் என்பது விதி. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "கரண்டுக்குத்தானே ஆகாது? எனக்காவது ஆகியிருக்கும்ல" என்றாள். அவர் கடைசி விரலையும் வெட்டினார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை. விதி விதி என்று நிற்கிற மனிதர்களிடம் ஒரு கல்நெஞ்சும் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். மிஞ்சியிருந்த வலது கை உறை, கொட்டையைப் பிடிக்கிற கைக்குச் சேராது. திங்கட்கிழமைக்குள் அக்காவின் விரல்கள் மறுபடி கறுத்துவிட்டன.

பட்டறையில் புது உறை வாங்கவே இல்லை. "தேவையில்லன்னுதான் நாமளே பாத்தோமே" என்றாராம் ரகுநாத். எலக்ட்ரிக் வண்டிகள் பிச்சைக்குப் போயின. அத்தானுக்கு ஹாரன், வைப்பர், விளக்கு. கார்டு மட்டும் அவரிடம் வரும். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், பூஜ்யம், ம. ஜெபக்குமார். ஐப்பசி அடைமழை தொடங்கும்வரை பதினொரு கார்டுகள். தண்ணீரில் நின்ற வண்டி ஒன்று வந்த அன்று பன்னிரண்டாவது கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தன் சான்றிதழைக் கேட்டார்.

"எங் காசுல படிச்சது. அது இங்கதான் இருக்கும். நீ வேணும்னா போ" என்றார் ரகுநாத்.

சான்றிதழ் அங்கேயே இருக்கிறது. அத்தான் ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மோட்டார் சைக்கிள் வயரிங்கும் டிராக்டர் விளக்கும் பார்க்கிறார். சாமான் வாங்க வாரம் இரண்டு முறை பஸ்ஸில் புதுக்கோட்டை போவார். சில நாள் நானும் கூடப் போவேன். ரகுநாத்தின் பட்டறை வருவதற்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் கேட்டேன்.

"ஷட்டர் தொறந்திருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

"தொறந்திருந்தா?"

"ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்."

"யார்கிட்டயாவது எழுதிக் குடுத்தா என்ன? பிச்சை இப்படி வேலை செய்றாருன்னு."

"என்னன்னு குடுக்குறது? ஒண்ணும் ஆகலியே. பதினோரு கார்டுலயும் கையெழுத்து என்னுது." முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "சோபி, ஒன்கிட்ட சொல்றேன். ஏதாச்சும் ஆயிறக் கூடாதுன்னுதான் காலைல ஜெபிக்கிறேன். ஆனா பஸ்ல வரும்போது, ஏதாச்சும் ஆயிருந்தாத் தேவலைன்னு இருக்கு. ஆனாத்தானே நான் பைத்தியக்காரன் இல்லன்னு தெரியும்?"

பட்டறை வந்தபோது நானும் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், அக்காவோடு கொட்டை உடைக்கிற காத்தாயி வாசலில் வந்து நின்றாள். மகளைப் பார்க்கப் புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவள். "அண்ணே, ஒங்ககூட வேல பாத்தாரே பிச்சை, அவரு அங்க ஆம்பளைங்க வார்டுல கெடக்காரு. பேச்சுமூச்சு இல்லாமத் தூக்கியாந்து போட்டாங்களாம்."

"எதனால?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? பட்டறையில விழுந்தாராம்."

அத்தான் சோற்றில் வைத்த கையோடு எழுந்தார். கையைச் சரியாகக்கூடக் கழுவவில்லை. நானும் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை. பட்டறை வந்தபோது ஜன்னலைப் பார்க்கவுமில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாதாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டால், "பத்து நிமிஷம்... பத்து நிமிஷம்தானே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வார்டில் பிச்சை கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். முகம் வற்றியிருந்தது. டிரிப் குழாய் போர்வைக்குள் போயிருந்தது. அத்தான் நேராகக் கட்டிலருகே போய்ப் போர்வையை விலக்கினார். இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

பிச்சை கண்ணைத் திறந்தார். "என்ன மாப்ள, ஜோசியமா?"

"என்னண்ணே ஆச்சு?"

"சுகர்டா. நானூத்தம்பது. மாத்திர ஒழுங்கா முழுங்கல, கிறுகிறுன்னு வந்துருச்சு." இவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நிலைமையிலும் சிரித்தார். "கரண்டுன்னு நெனச்சியா? கரண்டு என்னைய ஒண்ணும் பண்ணாதுடா. நேத்துகூட ஒரு வண்டிய முடிச்சு அனுப்புனேன். வந்ததுக்கு அந்த ஆரஞ்சுப் பழத்தையாச்சும் உரிச்சுக் குடு."

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பழத்தை உரித்தார். நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சுளை சுளையாகக் கொடுத்தார். பிச்சை சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தார். "மாத்திரைய விட்றாதீங்கண்ணே" என்றார். கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அத்தான் என் பக்கம் திரும்பவில்லை.

"மூச்சு இருக்கான்னு நான் மொதல்ல பாக்கல, சோபி. கையத்தான் பாத்தேன். எங்கயாச்சும் தீஞ்சிருக்கான்னு."

"தெரியும் அத்தான்."

"இல்லன்னதும் எனக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஆதனக்கோட்டை பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. "நீ போ, நான் அடுத்த பஸ்ல வாரேன்" என்றார்.